அப்பாவித் தம்பதி, ஒரு கோப்பு, 28 நாள்: அரசியல் த்ரில்லர் எழுத உட்காருகிறவர்களுக்கு

அரசியல் த்ரில்லர் எழுத ஆசைப்படுகிறவர்கள் முதல் ஆறேழு அத்தியாயத்தை வேகமாக முடித்துவிடுவார்கள். கணவன், மனைவி, அளவான குடும்பம். ஒருநாள் விடிகாலையில் கதவு தட்டப்படுகிறது, வாசலில் அதிகாரிகள். அதுவரை கை தானாக ஓடும். திண்டாட்டம் அதற்கு அப்புறம்தான். வந்தவர்கள் எந்தக் காகிதத்தைத் தேடி வந்தார்கள்? இவர்கள் பேர் அதில் எப்படி ஏறியது? யாருக்கு எவ்வளவு போனது? நேற்று வராமல் இன்றைக்கு ஏன் வந்தார்கள்? எழுதுகிறவரிடமே பதில் இருக்காது. ‘மேலிடத்து அழுத்தம்’, ‘பல கோடி ஊழல்’ என்று புகை போட்டு நாலு அத்தியாயம் ஓட்டலாம். அதற்குப் பிறகு கதை நின்றுவிடும். இந்த வகையில் முட்டி மோதிய பெரும்பாலோர் நின்ற இடம் அதுதான்.

அந்த இடத்தில் சிக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. பாதிக்கு மேல் வேலை, முதல் வரி எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. ஒரே உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: கணவன், பாலம் கட்டும் ஒப்பந்த நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். மனைவி, கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள்.

1. ஊழலை ஒரே கோப்புக்குள் அடக்குங்கள்

நாட்டையே உலுக்கும் ஊழல் வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். வாசகர் மனசில் நிற்பது ஒரு பாலம், ஒரு டெண்டர், ஒரு பில். பிரேசிலின் ஓடெப்ரெக்ட் நிறுவனம் 12 நாடுகளில் சுமார் 78.8 கோடி டாலர் லஞ்சம் கொடுத்ததாக 2016-ல் ஒப்புக்கொண்டது. லஞ்சம் கொடுப்பதற்கென்றே நிறுவனத்துக்குள் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள், அதற்கு ஒரு சாதுவான பெயரும் இருந்தது. நாவலாசிரியருக்கு அந்த 78.8 கோடி பயன்படாது. அந்தத் தனிப் பிரிவு பயன்படும். காலையில் வந்து, டீ குடித்து, ‘கட்டணம் அனுப்பியாச்சு’ என்று மின்னஞ்சல் அடித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போன ஊழியர்கள் அங்கே இருந்தார்கள். கதை அந்த மேசையில் இருக்கிறது.

ஆகவே முதலில் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். என்ன வேலை, யார் ஒப்புதல் கொடுத்தார், யார் செய்தார், யார் ‘சரியாக இருக்கிறது’ என்று சான்று கொடுத்தார். நம் தம்பதி இந்த நாலில் இரண்டு இடங்களைத் தொடுகிறார்கள்: கணவன் செய்கிறவர் பக்கம், மனைவி சான்று கொடுக்கிறவர் பக்கம். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் முழுப்படம். இப்படிப் பிரித்து வைத்தாலே நாவலுக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

பொறி: தம்பதி இருவரையும் ஒரே அலுவலகத்தில் வைப்பது. அப்படி வைத்தால் இருவருக்கும் ஒரே விஷயம்தான் தெரியும். ஒருவர் சும்மா கூடவே ஓடிக்கொண்டிருப்பார்.

2. காசுக்கு வழி போடுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு எழுதப் போகாதீர்கள். ஒப்பந்தத் தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாகச் செய்தால் பொருள், கூலி, இயந்திரம் எல்லாம் சேர்த்து 90, லாபம் 10. மேலிடத்துக்கு லஞ்சமாக 20 போக வேண்டும் என்று பேசி முடித்தாயிற்று. ஒப்பந்தக்காரர் தன் 10-ஐ விடமாட்டார். அப்படியென்றால் 90-க்கு ஆக வேண்டிய பாலம் 70-க்கு ஆக வேண்டும்.

அந்த 20 எங்கிருந்து வரும்? மூன்றே வழி. மதிப்பீட்டையே முதலிலேயே ஊதிப் பெருக்குவது, பொருளில் கை வைப்பது, செய்யாத வேலைக்கு பில் போடுவது. மூன்றில் எதை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து யார் மாட்டுவார் என்பது மாறும். மதிப்பீட்டில் என்றால் பொறியாளர். செய்யாத வேலை என்றால், முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர். பொருளில் என்றால் ஆய்வுக்கூடம். மனைவி ஆய்வுக்கூடத்தில் இருப்பதால் நம் கதை பொருளில் கை வைக்கும் வழியை எடுக்கிறது: சிமென்ட்டும் கம்பியும் குறைகின்றன.

அடுத்தது, மிச்சம் பிடித்த 20 நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. கைக்கு வர வேண்டும். அதற்குத்தான் பேருக்கு மட்டும் இருக்கும் பெயர்ப்பலகைக் கம்பெனி. மணல் வாங்கினோம், ஆலோசனைக் கட்டணம் கொடுத்தோம், இயந்திரம் வாடகைக்கு எடுத்தோம் என்று அந்தக் கம்பெனியிடமிருந்து பில் வரும். பணம் காசோலையாகப் போகும், ரொக்கமாகத் திரும்பும். முதல் நாவல்களில் அடிக்கடி வரும் பிழை இங்கேதான். 20 வேண்டும் என்றால் 20-க்கு பில் போட்டால் போதாது. வரி, இடைத்தரகர் கூலி எல்லாம் கழிந்து 20 நிற்க வேண்டும். நம் கதையில் 25-க்குப் பில் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 5-ம் பாலத்திலிருந்துதான் பிடுங்கப்படும், ஆகவே 70 இப்போது 65 ஆகிவிட்டது. இந்தக் கணக்கைப் போடுகிறவன் கணவன். அவனுக்கு மணல் பில் மணல் பில்லாகத்தான் தெரியும். ஆனால் ஆற்றுமணலே பயன்படுத்தாத வேலைக்கு ஏன் இத்தனை மணல் என்று என்றைக்காவது ஒருநாள் உறுத்த வேண்டும். அந்த உறுத்தல்தான் உங்கள் இரண்டாம் அத்தியாயம்.

டெண்டரிலும் கொஞ்சம் வேலை செய்யுங்கள். நாலு பேர் போட்டியிட்டதாகக் காட்டுவார்கள். நாலும் ஒரே மேசையில் தயாரானவை. தணிக்கை செய்கிறவர்கள் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயத்தில்தான். தோற்றவர்களின் விண்ணப்பங்களில் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். பிணைத்தொகைக்கு எடுத்த வரைவோலைகளின் எண்கள் அடுத்தடுத்து வரும், ஒரே ஆள் ஒரே வரிசையில் நின்று நாலையும் வாங்கியதற்கு அடையாளமாக. தகுதி நிபந்தனைகள் ஒரே ஒரு நிறுவனத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருக்கும். விண்ணப்பிக்கக் கொடுத்த நாள்கள் சொற்பமாக இருக்கும். இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கையும் கொட்டினால் வில்லன்கள் முட்டாள்களாகத் தெரிவார்கள்.

3. தம்பதி எங்கே கையெழுத்துப் போட்டார்கள்?

‘அப்பாவி’ என்றால் ஒன்றுமே செய்யாதவர் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த வகைக் கதையின் மிகப் பெரிய ஓட்டை. ஒன்றுமே செய்யாதவரை யாரும் சிக்கவைக்க முடியாது. அவர் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அந்த நேரத்தில் அது யாரும் போடக்கூடிய கையெழுத்தாக இருக்க வேண்டும். வாசகர் ‘நானும் போட்டிருப்பேனே’ என்று நினைத்தால் உங்கள் வேலை முடிந்தது.

நிஜத்தில் நடக்கும் வழிகளில் சில:

வேலையில் சேரும்போது சம்பளக் கணக்கு தொடங்க என்று இருபது தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள். நடுவே இரண்டு தாள், வேறொரு கம்பெனிக்கு இயக்குநராகச் சம்மதம் தெரிவிப்பவை. 2016-ல் பனாமா ஆவணங்கள், அதாவது மொசாக் ஃபொன்சேகா என்ற பனாமா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்புகள், வெளியானபோது, 1 கோடியே 15 லட்சம் ஆவணங்களும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளும் தெரியவந்தன. அவற்றில் ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு இயக்குநர்களாகக் கையெழுத்திட்டவர்கள், அந்தச் சட்ட நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியர்கள். ஆகவே இதை எழுதினால் ‘இப்படியெல்லாம் நடக்குமா’ என்று யாரும் கேட்க முடியாது.

டிஜிட்டல் கையெழுத்து இன்னும் கூர்மையான கருவி. விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி டோக்கன், அதற்கு ஒரு கடவுச்சொல். தினமும் எடுத்துப்போக அலுப்புப்பட்டு அலுவலக இழுப்பறையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கடவுச்சொல் டோக்கனிலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கும். மனைவியின் பேரில் சோதனை அறிக்கைகள் இப்படித்தான் வெளியே போகின்றன. அவள் விடுப்பில் இருந்த நாளில் அவள் கையெழுத்து வேலை செய்திருக்கிறது. அந்த நாள் அவள் எங்கே இருந்தாள் என்று நிரூபிக்க ஏதாவது ஒன்றை முன்கூட்டியே நட்டு வையுங்கள்: குழந்தையின் தடுப்பூசி அட்டையில் தேதி போட்ட முத்திரை போதும்.

அடையாள அட்டை நகல், வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து, ‘சும்மா சாட்சிக்கு’ போட்ட கையெழுத்து, சொந்தக்காரருக்கு ஜாமீன் நின்றது எல்லாமே பயன்படும். நகலின் குறுக்கே எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் உள்ளவளாக மனைவியையும், அந்தப் பழக்கம் இல்லாதவனாகக் கணவனையும் வைத்தால் ஒரு சண்டைக்கு வழி பிறக்கும்.

பொறி: இருவருமே வெள்ளை மனசுக்காரர்களாக இருப்பது. யாராவது ஒருவர் கொஞ்சம் தெரிந்தே கண்ணை மூடியிருக்க வேண்டும். கணவன் அந்த மணல் பில்லை மாதக்கணக்கில் பார்த்தான், கேட்கவில்லை, அந்த வருடம் சம்பள உயர்வு வந்தது. சட்டப்படி அவன் குற்றவாளி இல்லை. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறான்.

4. ஆவணங்களை நீங்களே தயாரியுங்கள்

கதையில் வரும் ஒவ்வொரு காகிதத்தையும் நிஜமாகவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேதி, எண், யார் கையெழுத்து, எத்தனை நகல், எந்த நகல் யாரிடம். ஏழெட்டு ஆவணம் போதும். அதில் ஒன்றை மட்டும் மிக நெருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் கதையில் அந்த ஒன்று கான்கிரீட் கட்டி சோதனை அறிக்கை. கான்கிரீட் ஊற்றும்போதே கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கன அச்சுகளில் நிரப்புவார்கள். மறுநாள் அச்சைக் கழற்றி, கட்டியின் மேல் தேதியும் அடையாள எண்ணும் எழுதி, தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். 7-ஆம் நாள் சிலவற்றை, 28-ஆம் நாள் மீதியை எடுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். 7-ஆம் நாளில் 28-ஆம் நாள் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட் என்றால், ஒரு கட்டி உடைய இயந்திரம் சுமார் 562 கிலோநியூட்டன் அழுத்த வேண்டும். கட்டி ஒன்றின் எடை 8 கிலோ சொச்சம்.

இத்தனை விவரம் எதற்கு? இதிலிருந்து மூன்று தடயங்கள் தானாகக் கிடைக்கின்றன.

ஒன்று, தேதி. ஊற்றிய நாளுக்கும் 28-ஆம் நாள் அறிக்கையின் நாளுக்கும் இடையே 28 இருக்க வேண்டும். அவசரத்தில் தயாரித்த அறிக்கையில் 21 இருக்கிறது. படிக்கிற யாரும் விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம், நிபுணர் தேவையில்லை.

இரண்டு, எண்கள். நிஜக் கான்கிரீட் ஒழுங்காக இருக்காது. மூன்று கட்டிகளை உடைத்தால் மூன்று எண் வரும், கொஞ்சம் முன்னே பின்னே. கையால் எழுதிய பொய்யில் எல்லா எண்ணும் தேவையானதற்குக் கொஞ்சம் மேலே, அழகாக அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். ஆறு மாத அறிக்கைகளை வரிசையாக வைத்து மனைவி பார்க்கும்போது, ஒன்றுகூடத் தோற்கவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்த வேண்டும்.

மூன்றாவதுதான் நாவல். அறிக்கைப்படி நசுக்கப்பட்டுத் தூளாகிவிட்ட கட்டி, அதே எண்ணோடு, அதே தேதியோடு, முழுசாகத் தொட்டியின் அடியில் கிடக்கிறது. சாயங்காலம், எல்லாரும் போய்விட்டார்கள், முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டு அவள் அதை எடுக்கிறாள். பாசி வழுக்குகிறது. எண்ணைக் கட்டைவிரலால் துடைத்துப் படிக்கிறாள்.

இப்போது என்ன செய்வாள்? பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தால், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தொடர்ச்சி அறுந்துவிடும். ‘இதை நீயே செய்து எடுத்து வந்திருப்பாய்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். விட்டுவிட்டு வந்தால் காலையில் அது இருக்காது. போட்டோ எடுக்கலாம், ஆனால் எழுதிய எண்ணைத்தான் போட்டோ காட்டும், கட்டிக்குள் எவ்வளவு சிமென்ட் என்று காட்டாது. நாள் ஆக ஆகக் கான்கிரீட்டின் வலுவும் கூடிக்கொண்டே போகும், தாமதமாக உடைத்தால் வேறு எண் வரும். சரியான பதில் இல்லாத இந்த இடத்தில் அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாளோ, அதுதான் அவள் யார் என்று வாசகருக்குச் சொல்லும். சூழ்ச்சி, துரத்தல், துப்பாக்கி எல்லாவற்றையும் விட 8 கிலோ எடையுள்ள ஈரக் கட்டி உங்களுக்கு அதிகம் உழைக்கும்.

உங்கள் கதையில் பாலம் இல்லாமல் மருந்துக் கொள்முதலோ நில எடுப்போ இருந்தால், அந்தத் துறையில் இதற்கு ஈடான பொருளைத் தேடிப் பிடியுங்கள். தேட வேண்டிய இடம் அரசுத் தணிக்கை அறிக்கைகள். பல நாடுகளில் அவை பொதுவில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் அறிக்கையில் ஒரே பத்தியில் ‘பதிவேட்டின்படி இத்தனை, நேரில் பார்த்தபோது இத்தனை’ என்று வரும் இடங்கள் எல்லாமே ஒவ்வொரு நாவல். நீதிமன்றத் தீர்ப்புகளும் அப்படித்தான், குறிப்பாக விடுதலை செய்த தீர்ப்புகள். அரசுத் தரப்பு எங்கே கோட்டைவிட்டது என்று நீதிபதியே எண் போட்டு எழுதியிருப்பார்.

போலி ஆவணம் வைக்க நினைத்தால், அது எப்படிப் பிடிபடும் என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். பாகிஸ்தானில் பிரதமர் குடும்பத்தின் மீதான விசாரணையில், 2006 தேதியிட்ட ஒரு ஆவணம் காலிப்ரி எழுத்துருவில் இருந்தது 2017-ல் பெரிய விவகாரமானது. அந்த எழுத்துரு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 2007-ல். உலகமே அதைப் பேசியது. ஆனால் 2022-ல் மேல்முறையீட்டில் அந்த வழக்கில் பிரதமரின் மகளுக்கு விதித்த தண்டனை ரத்தாகி விடுதலையும் கிடைத்தது. தடயம் வேறு, தீர்ப்பு வேறு. காகிதத்தைக் கண்டுபிடித்த அத்தியாயத்தோடு கதையை முடித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

5. இரண்டு காலண்டர்

சுவரில் இரண்டு காலண்டர் மாட்டுங்கள். ஒன்று ஊழலுக்கு: டெண்டர் விட்ட நாள், கான்கிரீட் ஊற்றிய நாள், பில் பாஸான நாள், திறப்பு விழா. இன்னொன்று கதைக்கு: வாசகர் உள்ளே நுழையும் நாளிலிருந்து கடைசி நாள் வரை. முதல் காலண்டர் ஒன்றரை வருடம் ஓடலாம். இரண்டாவது 28 நாளைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. கட்டி தொட்டிக்குப் போன நாளையும் நாவலின் கடைசி நாளையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டால் பதற்றத்துக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

விடுமுறை நாள்களைக் குறிக்க மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது செய்வதற்கும் செவ்வாய்க்கிழமை காலை கைது செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு, வங்கியும் நீதிமன்றமும் மூடியிருக்கும். காவலில் எத்தனை நேரம் வைக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இங்கிலாந்தில் குற்றம் சாட்டாமல் பொதுவாக 24 மணி நேரம், கடுமையான குற்றம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு 96 மணி நேரம் வரை நீளலாம். கதை நடக்கும் இடத்தின் எண்ணைச் சரிபார்த்து காலண்டரில் எழுதுங்கள்.

சிசிடிவியும் ஒரு கடிகாரம்தான். பதிவுப் பெட்டியின் கொள்ளளவு நிரம்பியதும் பழைய காட்சியின் மேல் புதியது எழுதப்படும். பல இடங்களில் சில வாரங்களிலேயே காட்சி போய்விடும். யாரும் திருடாமல், யாரும் அழிக்காமல், தானாகவே சாட்சியம் மறையும் என்பது வில்லன் ஆளை அனுப்பி அழிப்பதைவிடப் பயங்கரமானது.

6. போலீஸுக்கு ஏன் போகவில்லை?

வாசகர் இதை மூன்றாவது அத்தியாயத்திலேயே கேட்டுவிடுவார். ‘போலீஸையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள்’ என்று எழுதினால் கதை உலகமே தட்டையாகிவிடும். நல்ல அதிகாரி ஒருவராவது இருக்கட்டும், அவரிடம் போனதே ஆபத்தாக முடியட்டும். எப்படி? புகார் கொடுத்ததும் முதலில் கேட்கப்படுவது புகார் கொடுத்தவரின் கையெழுத்துதான். அறிக்கையில் இருப்பது இவள் கையெழுத்து. பெயர்ப்பலகைக் கம்பெனியின் இயக்குநர் இவன். அதிகாரி நேர்மையானவர், அதனாலேயே இவர்களைச் சந்தேகப்படுகிறார். இந்த முடிச்சு விழுந்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஊழலை வெளியே சொல்கிறவர்களைப் பாதுகாக்க நாடுகள் யோசிக்க வேண்டும் என்று 2003-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையில் தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் கதை நாட்டில் அதற்கு உள்நாட்டுச் சட்டம் இருக்கிறதா, புகாரை யாரிடம் கொடுக்க வேண்டும், பேர் ரகசியமாக இருக்குமா என்று பார்த்து வையுங்கள். ஒரு பக்கம் கூட எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

7. மாட்டியவருக்கு ஆகும் செலவு

த்ரில்லர்களில் யாருமே காசுக்கு முட்டுப்படுவதில்லை. இது பெரிய பிழை, பெரிய நஷ்டமும்கூட. வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட குடும்பத்தின் முதல் வாரத்தை எழுதிப் பாருங்கள். சம்பளம் ஏறும், எடுக்க முடியாது. வீட்டுக்கடன் தவணை திரும்பும், அதற்கு அபராதம் விழும். போன் சாட்சியமாகப் போய்விட்டது, ஆகவே ஓடிபி வராது. ஓடிபி வராததால் மின்னஞ்சல், வங்கி, குழந்தையின் பள்ளிக் கட்டணம் எதுவும் திறக்காது. புது சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும், அசல் அட்டை பறிமுதல் பட்டியலில் இருக்கிறது. வக்கீல் முன்பணம் கேட்கிறார், அது நியாயமான தொகைதான். ஜாமீன் நிற்க ஆள் வேண்டும், நேற்றுவரை வீட்டுக்கு வந்துபோன சொந்தங்கள் போனை எடுக்கவில்லை.

இந்தச் செலவுக் கணக்கை நாள் வாரியாகப் போடுங்கள். கையில் எத்தனை நாளுக்குக் காசு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தால், எந்த நாளில் கணவன், பில் பணத்தைக் கைமாற்றிய இடைத்தரகரின் போனை எடுப்பான் என்பதும் தெரிந்துவிடும்.

8. இருவருக்குள் நடப்பது

எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ‘என்னங்க’ என்பவளா, பேர் சொல்லி ‘நீ’ என்பவளா? தமிழில் எழுதுகிறவருக்கு இது இலவசமாகக் கிடைத்த ஆயுதம். வழக்கமாக ‘நீ’ என்கிறவள் ஒருநாள் ‘நீங்க’ என்றால் வீடே குளிர்ந்துவிடும்.

“அந்தக் கம்பெனி பேரு முன்னாடியே தெரியுமா?”

“பில்லுல பார்த்திருக்கேன்.”

“எத்தனை பில்லுல?”

அவன் பதில் சொல்லவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“சாப்பிடுங்க,” என்றாள்.

இவ்வளவு போதும். ‘அவள் மனம் உடைந்தது’ என்று அடுத்த வரியில் எழுதிவிடாதீர்கள்.

9. மந்திரியை அதிகம் காட்டாதீர்கள்

அதிகாரத்தில் இருப்பவர் வாயால் எதுவும் சொல்லமாட்டார். ‘ஐயாகிட்ட பேசியாச்சு’, ‘மேல ஒண்ணும் பிரச்சினை இல்ல’ என்று உதவியாளர் சொல்வார். கோப்பில் ‘பேசவும்’ என்று ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பினால், அந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தமும் கொடுக்கலாம், எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. மொத்த நாவலில் அவர் இரண்டு முறை வந்தால் போதும், ஒரு முறை நல்லவராக.

வீழ்ச்சியும் பெரிய இடத்திலிருந்து வர வேண்டியதில்லை. அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகும்வரை போன விவகாரம் தொடங்கியது ஒரு காவலாளியிடம். 1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் காவலுக்கு இருந்த ஃபிராங்க் வில்ஸ், கதவுப் பூட்டு விழாதபடி ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்துப் பிய்த்துப் போட்டார். திரும்பி வந்தபோது மறுபடி ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் போலீஸைக் கூப்பிட்டார். முதல் டேப் சாதாரணம், இரண்டாவது டேப்தான் கதை. உங்கள் தடயமும் இரண்டாவது முறை வரும்போது வேலை செய்யட்டும்.

10. எழுதும் கால அட்டவணை

தயாரிப்புக்கு 6 வாரம்: தணிக்கை அறிக்கைகளும் தீர்ப்புகளும் படிக்க 2 வாரம், காசுக் கணக்குக்கு 1, ஆவணங்களுக்கு 1, காலண்டருக்கும் காட்சிப் பட்டியலுக்கும் 2. நாவல் 60,000 சொல் என்று வைத்தால், நாளுக்கு 500 சொல், வாரத்துக்கு 5 நாள், 24 வாரம் ஆகும். திருத்தி எழுத 8 வாரம். துறை தெரிந்தவர்கள் படித்துச் சொல்ல 4 வாரம். கூட்டினால் 42 வாரம், ஏறக்குறைய 10 மாதம். 3 மாதத்தில் முடிப்பேன் என்று கிளம்புகிறவர்கள் ஆவணத்தைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

படிக்கக் கொடுக்கும்போது முழு நாவலையும் கொடுக்காதீர்கள். கணக்குத் தெரிந்தவருக்குப் பணம் வரும் பக்கங்கள், பொறியாளருக்குக் கட்டி வரும் பக்கங்கள், வக்கீலுக்குக் கைது முதல் ஜாமீன் வரை. ஆளுக்கு இருபது முப்பது பக்கம் என்றால் நிஜமாகவே படிப்பார்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், ‘எது நடக்காது’ என்று கேளுங்கள். அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுங்கள்.

11. அவதூறு வழக்கு வராமல்

‘எல்லாம் கற்பனையே’ என்று முதல் பக்கத்தில் போட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை தவறு. பேர் இல்லாவிட்டாலும் பதவி, ஊர், வருடம், குடும்ப விவரம் சேர்ந்து ஒரு ஆளைக் காட்டிக்கொடுத்தால் அவர் வழக்குப் போட முடியும். நிஜச் சம்பவத்திலிருந்து எடுத்திருந்தால் துறையை மாற்றுங்கள், வேலையை மாற்றுங்கள், காலத்தை மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. கற்பனைக் கம்பெனிக்குப் பேர் வைத்ததும், அந்தப் பேரில் நிஜக் கம்பெனி இருக்கிறதா என்று பதிவேட்டில் தேடுங்கள். பல நாடுகளில் இந்தத் தேடல் இலவசம், பத்து நிமிட வேலை. மந்திரியின் பேருக்கும் இதே கதிதான். குறிப்புப் புத்தகம், எடுத்த நகல்கள், பேட்டி எடுத்த தேதிகள் எல்லாவற்றையும் புத்தகம் வந்து சில வருடங்கள் வரை வைத்திருங்கள். பேட்டி கொடுத்தவர் பேரைக் குறிப்புப் புத்தகத்திலும் எழுத வேண்டாம், எண் போட்டுக்கொள்ளுங்கள். நிஜ ஆளை நினைவுபடுத்தக்கூடிய பக்கங்களை அச்சுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் வக்கீலிடம் கொடுங்கள். பக்கம் கட்டி முடித்த பிறகு ஒரு பேரை மாற்றினால் வரி நகர்ந்து, பக்கம் நகர்ந்து, மொத்தத்தையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டி வரும்.